ஆண் மீன் பருவமடைதலும் மலைநாட்டு மீன் தடாகமும்



எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் பாதையின் மேற்சரிவில் போஞ்சியும் கோவாவும் பயிரிடும் கமக்காரர் ஒருவர், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பொருட்டு 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள தடாகமொன்றை வெட்டினார். ஊற்று நீர் வற்றாது வந்துகொண்டிருந்தது. நீர் வீணே கிடப்பானேன் என்று எண்ணி, கீழ்நாட்டுக் குளமொன்றிற் பிடித்த திலாப்பியா மீன்கள் நாற்பதை வாளியிற் கொணர்ந்து அதில் விட்டார். தவிடும் பிண்ணாக்கும் கோவா இலையும் தவறாது இட்டார். ஓராண்டு கழிந்து, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் தடாகத்தை வடித்தபோது அவர் கண்டது யாது? விரல் நீள மீன்கள் நூற்றுக்கணக்கில் துள்ளின. கறிக்கு ஆகக்கூடிய மீன் பத்துக்கூட இல்லை. “தீனி போதவில்லையா ஐயா? தண்ணீர் சரியில்லையா? அல்லது இனந்தான் கூடாத இனமா?” என்று அவர் என்னை வினவினார். பிண்ணாக்குக்குச் செலவிட்ட பணத்தை அவர் கடனாகப் பெற்றிருந்தார் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

அவர் ஐயுற்ற மூன்றும் காரணமல்ல. மீன்கள் வளரவேண்டிய காலத்திலேயே பருவமடைந்துவிட்டன என்பதே காரணம். கரட் பாத்தியிற் சில செடிகள் கிழங்கு பருக்குமுன் பூந்தண்டு தள்ளிவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அச்செடியைப் பிடுங்கினாற் கிழங்கு நாராய்க் கிடக்கும். நாற்றுமேடையில் நாட்கடந்த நெல் நாற்றை நட்டால், நன்கு மட்டம் வெடிக்காமற் சிறுகதிர் தள்ளுவதும் அத்தகையதே. உண்ட உணவைச் சதையாக்க வேண்டிய வயதில் அம்மீன்கள் அதனை இனப்பெருக்கத்திற் செலவிட்டுவிட்டன.

மீன் வளர்ப்போர் பெண் மீனின் சினையைப் பற்றி ஓரளவு அறிவர். ஆண் மீனைப் பற்றிக் கேட்போர் அரியர். ஆயினும், இத்தகைய தடாகத்தைத் திருத்தும் வழி ஆண் மீனின் வழியாகவே வருகின்றது. ஆகவே, ஆண் மீன் எவ்வாறு பருவமடைகின்றது, அதனை ஆளுவது எது, அதனை அறிந்த அறிஞர் கண்ட உபாயங்கள் எவை, அவற்றுள் உங்களுக்கு ஏற்றது எது என்பனவற்றை இத்துண்டுப் பிரசுரத்தில் எடுத்துரைப்போம்.

மூளையிலிருந்து விதை வரை

மீனை அறுக்கும்போது முதுகெலும்பின் கீழே, காற்றுப்பையை ஒட்டி, நீளவாக்கில் இரு பட்டிகள் இருப்பதைக் காணலாம். ஆண் மீனின் விதைகள் இவையே. பருவமடையாத மீனில் இவை நூல்போல் மெலிந்து, ஒளி ஊடுருவும் தன்மையுடன் இருக்கும். பருவமடைந்த மீனிலோ தடித்து, தேங்காய்ப்பால் நிறமாகும். அந்நிலையிலுள்ள மீனின் வயிற்றை மெல்ல அழுத்தினால் விந்து பால்போல் வெளிவரும்.

நூல் போன்ற விதையைப் பால் நிறைந்த விதையாக மாற்றுவன ஓமோன்கள். ஓமோன் என்பது உடலிலுள்ள ஒரு சுரப்பி மிகச் சிறிய அளவில் உண்டாக்கி, இரத்தத்தின் வழியே வேறோர் உறுப்புக்கு அனுப்பும் இரசாயனத் தூதாகும். உங்கள் வயலுக்கு நீர் வரும் விதத்தைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மேலே ஓயாவில் அணைக்கட்டு உண்டு. அதன் கீழே வாய்க்காலின் தலைமடை உண்டு. அதற்கும் கீழே உங்கள் வயல் உண்டு. அணைக்கட்டில் நீரைத் திருப்பினாலன்றித் தலைமடையைத் திறந்து பயனில்லை. தலைமடை திறந்தாலன்றி வயல் நனையாது.

மீனின் உடலில் அணைக்கட்டாக அமைந்திருப்பது மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி. அங்கிருந்து புறப்படும் தூது, அதன் கீழே தொங்கும் கபச்சுரப்பியை அடைகின்றது. இச்சுரப்பி கடுகளவானதே. எனினும் உடலின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் இதன் கட்டளைப்படி நடக்கின்றன. தூது கிடைத்ததும் கபச்சுரப்பி இருவகை ஓமோன்களை இரத்தத்தில் விடும். ஒன்று, விதையிலுள்ள வித்துக் கலங்கள் பெருகத் தூண்டுவது. மற்றொன்று, வேலையை முடித்து விந்தை முதிரச் செய்வது. இவ்விரண்டின் ஏவலால் விதையிலுள்ள சில கலங்கள் ஆண்மை ஓமோன்களைச் சுரக்கத் தொடங்கும். மாந்தரிலும் மாட்டிலும் உள்ள தெசுத்தொசுத்தெரோன் மீனிலும் உண்டு. ஆயினும் மீனினத்தில் விந்தாக்கத்தை முன்நின்று நடத்துவது அதன் உறவான 11-கீற்றோதெசுத்தொசுத்தெரோன் என்பதாகும். 1960 ஆம் ஆண்டிற் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைச் சமன் மீனின் இரத்தத்திலிருந்து பிரித்தறிந்தனர். 1991 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர், விலாங்கு மீனின் பருவமடையாத விதையை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வைத்து, இவ்வோமோனை இட்டு, விந்து முழுமையாக உருவாகும் வரை வளர்த்துக் காட்டினர்.

ஆணின் நிறமும் குணமும் இந்த ஓமோன்களாலேயே மாறுகின்றன. மொசாம்பிக்குத் திலாப்பியாவின் ஆண், பருவகாலத்தில் உடல் கறுத்து, தொண்டைப் புறம் வெளுத்து, செட்டை விளிம்பு சிவந்து தோன்றும். தடாகத்தின் அடியிற் சட்டி போன்ற வட்டக் குழிகளைத் தோண்டி, வேறு ஆண்களை அண்டவிடாது காக்கும். நீர் தெளிந்திருக்கும் காலையில் உங்கள் தடாகத்தின் ஓரத்தில் இத்தகைய குழிகளைக் கண்டால், உள்ளே ஆண்கள் பருவமடைந்துவிட்டன என்று அறியலாம்.

வயல் நிறைந்ததும் நீங்கள் மடையை அடைப்பதுபோல, இரத்தத்தில் ஆண்மை ஓமோன் நிறைந்ததும் அச்செய்தி மூளைக்கும் கபச்சுரப்பிக்கும் எட்டி, மேலிருந்து வரும் ஏவல் தணிந்துவிடும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓமோன் தூளைத் தாமே வாங்கித் தீனியிற் கலக்க விரும்புவோர்க்கு இது பின்னர்ப் பயன்படும்.

பருவத்தைத் தொடக்குவது எது?

அணைக்கட்டை முதலிற் திருப்புவது யார் என்ற வினா எழுகின்றது. உடலிற் சேர்ந்த கொழுப்பு, வயது, நீரின் வெப்பம், பகற்பொழுதின் நீளம், மழைவெள்ளம் ஆகிய செய்திகளை மூளை ஒருங்கே ஆராய்ந்து, காலம் வந்தது என்று தீர்மானிக்கின்றது. வடதேசத்து மீன்களுக்குப் பகற்பொழுதே பஞ்சாங்கம். நோர்வே நாட்டிற் சமன் வளர்ப்போர், மீன்கள் காலத்துக்கு முன் பருவமடையாதிருக்கும் பொருட்டு, மாரிகால இரவுகளிற் கூடுகளுக்கு மேலும் நீருக்குள்ளும் விளக்கெரிக்கின்றனர். இலங்கையில் இது பலியாது. நாம் பூமத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நம் மீன்களுக்குச் செய்தி சொல்வன வெப்பமும் மழையும் உணவும் நெருக்கமுமே.

ஆண் பருவமடைவதற்கு அதிக முதல் வேண்டியதில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். சினை நிறைய முட்டைகளைச் சேர்ப்பதற்குப் பெண் மீன் பெருமளவு கொழுப்பையும் புரதத்தையும் செலவிடவேண்டும். விந்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆதலின் பல இனங்களில் ஆண்கள் பெண்களுக்கு முந்தியே, சிறிய உடலுடனேயே பருவமடைகின்றன. சமன் மீனில் கடலைக் காணாத சிறு ஆண்கள் ஆற்றிலேயே பருவமடைந்து, பெரிய ஆண்களின் கண்ணுக்குத் தப்பி முட்டைகளிற் விந்து விட்டுச் செல்வதுண்டு.

இவ்விடயத்தில் திலாப்பியா மிகவும் அவசரமுள்ள மீன். ஆபிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக்குத் திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்டது. நைல் திலாப்பியா அதன் பின்னர் வந்தது. உலர்வலயத்துப் பெருங்குளங்களிற் பிடிபடும் மீனில் பெரும்பங்கு இன்று இவ்வினமே. பெருங்குளத்தில் இடமும் உணவும் தாராளமாக இருப்பதால் அது பெரிதாக வளர்ந்த பின்னரே இனம் பெருக்குகின்றது. அதே மீனைச் சிறு தடாகத்தில் அடைத்தால், மூன்று நான்கு மாதங்களில், விரல் நீளத்திலேயே பருவமடைந்துவிடும். பெண் முட்டைகளை வாயிலே சுமந்து ஏறத்தாழ இரண்டு கிழமைகள் அடைகாக்கும். அக்காலத்தில் அது உண்பதில்லை. குஞ்சுகளை விட்டுச் சில கிழமைகளில் மீண்டும் முட்டையிடும். பிறந்த குஞ்சுகள் தாயின் தீனியைப் பங்கிட்டு, சில மாதங்களில் தாமும் பருவமடையும். இவ்விதம் நாற்பது மீன்கள் ஓராண்டில் நூற்றுக்கணக்காகப் பெருகும். எண்ணிக்கை பெருகினும் மொத்த நிறை பெருகாது.

எல்ல கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள குளிர் நமக்குச் சற்று உதவியும் சற்று இடையூறும் செய்கின்றது. நீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாற் திலாப்பியா முட்டையிடுவதை நிறுத்திவிடும், உண்பதும் தளரும். மார்கழி, தை மாதக் குளிரிற் தடாகம் அமைதியாக இருக்கும். பங்குனி வெயில் ஏறியதும் அதே மீன்கள், வளராத உடலுடனேயே, குழி தோண்டத் தொடங்கும். மேலே சொன்ன கமக்காரரின் தடாகத்தில் நிகழ்ந்தது இதுவே.

ஆண்களை மட்டும் வளர்த்தல்

அடைகாக்கும் வேலை இன்மையால் திலாப்பியாவில் ஆணே விரைந்து வளர்வது. தடாகத்தில் ஆண்கள் மட்டும் இருப்பின் குஞ்சு பிறக்க வழியில்லை. இட்ட தீனி சதையாகும். இதற்கு இரு வழிகள் உண்டு.

முதலாவது, கையினாற் தெரிதல். குஞ்சுகள் நான்கு அங்குல நீளமும் ஏறத்தாழ 30 கிராம் நிறையும் ஆனதும், ஒவ்வொன்றையும் ஈரத் துணியில் மல்லாத்திப் பிடித்து, மலவாயிலுக்குப் பின்னாலுள்ள சிறு முளையை உற்றுநோக்க வேண்டும். ஆணில் அம்முளை நீண்டு கூராக, நுனியில் ஒரே துவாரத்துடன் இருக்கும். பெண்ணில் அது அகன்று குட்டையாக, குறுக்கே முட்டை வெளிவரும் பிளவுடன் இருக்கும். மலவாயிலையும் சேர்த்து எண்ணினால் ஆணுக்குத் துவாரம் இரண்டு, பெண்ணுக்கு மூன்று. எழுதும் மை ஒரு துளியைத் தடவித் துடைத்தாற் பிளவு தெளிவாகத் தெரியும். பண்ணைப் பாடசாலையில் முதன்முறை இதனைச் செய்தபோது, நான் ஆண் என்று தெரிந்து விட்ட மீன்களிற் பல பெண்ணாயிருந்தமையைக் குஞ்சுகள் தோன்றிய பின்னரே அறிந்தேன். கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். பழகியவரும் நூற்றுக்குச் சிலவற்றைத் தவறவிடுவர். தெரிந்து நீக்கிய பெண்களை வீசிவிட வேண்டாம், பொரித்து உண்ணலாம்.

இரண்டாவது, ஓமோனின் வழி. மீன் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த முதற் கிழமைகளில் அதன் இனப்பெருக்க உறுப்பு ஆணாகவோ பெண்ணாகவோ முற்றாக உருப்பெற்றிருப்பதில்லை. அவ்வேளையில் அதன் உடலில் எந்த ஓமோன் மிகுந்திருக்கின்றதோ அத்திசையிலேயே உறுப்பு வளரும். 1953 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் யமமோத்தோ, வயல்நீரில் வாழும் மெதாக்கா என்னும் சிறு மீனின் குஞ்சுகளுக்குப் பெண்மை ஓமோனை ஊட்டி, பிறப்பால் ஆணானவற்றைப் பெண்ணாக்கினார். பின்னர் ஆண்மை ஓமோனை ஊட்டி மறுதலையாகவும் செய்தார். இவ்வழி திலாப்பியாவுக்குப் பயன்படும் என்பதை 1960 களிலும் 1970 களிலும் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. பிலிப்பைன்சு நாட்டவரான கெரேரோ 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையே இன்று பல நாட்டுக் குஞ்சு நிலையங்களிற் சிற்சில மாறுதல்களுடன் கைக்கொள்ளப்படுகின்றது.

தாயின் வாயிலிருந்து நீங்கிய குஞ்சுகள் அரை அங்குல நீளத்தைத் தாண்டுமுன் அவற்றைச் சேகரிப்பர். 17-அல்பா-மெதயில்தெசுத்தொசுத்தெரோன் என்னும் செயற்கை ஆண்மை ஓமோனை மதுசாரத்திற் கரைத்து, மாவாக அரைத்த தீனியில், ஒரு கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் வீதம் கலந்து உலர்த்துவர். இதனை நாளொன்றுக்கு நான்கு முறை, 21 முதல் 28 நாட்கள் வரை ஊட்டுவர். செவ்வையாகச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை ஆணாகும். நாட் கணக்குப் பிழைத்தால், அல்லது குளத்தின் இயற்கைப் பாசியைக் குஞ்சுகள் மிகுதியாக உண்டால், பெண்கள் கலந்துவிடும்.

ஓமோன் உறுப்பை மாற்றுகின்றதேயன்றிப் பிறப்பை மாற்றுவதில்லை. திலாப்பியாவின் பெண்ணுக்கு மாந்தரிற்போல் இரண்டு எக்சு நிறமூர்த்தங்களும், ஆணுக்கு ஓர் எக்சும் ஒரு வையும் உண்டு. பெண்ணாய்ப் பிறந்து ஓமோனால் ஆணாகியது விந்து சுரக்கும், குழி தோண்டும், பெண்ணுடன் கூடும். ஆயினும் அதனிடம் வை நிறமூர்த்தம் இல்லாமையால் அதன் குஞ்சுகள் பெண்களாகவே பிறக்கும். ஆதலின், நிலையத்திற் பெற்ற ஆண் மீன்களை இனவிருத்திக்கென வைத்துக்கொள்ளாதீர்கள்.

உண்பவர்க்குத் தீங்கு உண்டோ?

இவ்வினாவைத் தோட்டத்துத் தாய்மார் பலர் என்னிடம் கேட்டுள்ளனர். பிள்ளைக்கு ஊட்டும் மீனில் மருந்து உண்டோ என்று தாய் கேட்பது நியாயமே. கணக்கை அவர்கள் முன் வைத்தேன். உங்கள் முன்னும் வைக்கின்றேன்.

மருந்துத் தீனி உண்ணும் காலத்திற் குஞ்சின் நிறை ஒரு கிராமையும் எட்டுவதில்லை. ஒரு கிலோகிராம் தீனியில் 60 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் தீனியில் 0.06 மில்லிகிராம். ஒரு குஞ்சு அக்காலம் முழுவதும் உண்பது இவ்வளவே என்று கொள்வோம். உட்சென்றதில் மிகப் பெரும்பகுதியை, ஊட்டுவதை நிறுத்திய சில நாட்களிலேயே மீனின் உடல் சிதைத்துக் கழித்துவிடுகின்றது. அதன் பின்னர் அம்மீன் உங்கள் தடாகத்தில் ஆறு மாதமோ எட்டு மாதமோ சாதாரணத் தீனியுண்டு, பல நூறு மடங்கு நிறை ஏறிய பின்னரே சட்டிக்கு வருகின்றது. ஆகவே, முறைப்படி வளர்த்த மீனை உண்பதற்கு அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியது வேறோரிடத்தில். அத்தூளைக் கையாளுபவருக்கு அது தீங்கானது. தோலின் வழியும் மூச்சின் வழியும் உட்புகும். கருவுற்ற பெண்களுக்கு அது விலக்கு. மருந்துத் தீனி மிஞ்சிய நீரை ஓடையில் விட்டால் அங்குள்ள மீன்களையும் பாதிக்கும். இவ்வேலை கையுறையும் முகமூடியும் தனித் தொட்டியும் உடைய நிலையங்களுக்கே உரியது. “விரைவில் மீன் பெருக்கும் தூள்” என்று எவரேனும் கொணர்ந்தால் வாங்கவேண்டாம். வளர்ந்த மீனுக்கு அதனை ஊட்டினால் பெண் ஆணாவதில்லை. ஆணுக்கு ஊட்டினாலும் பயனில்லை. மேலே சொன்ன மடையை நினைவுகூருங்கள்: வெளியிலிருந்து ஓமோன் நிறைந்ததும் மூளையும் கபச்சுரப்பியும் தம் ஏவலை நிறுத்திவிட, மீனின் சொந்த விதை சுருங்கிவிடும். அளவுமீறிய ஆண்மை ஓமோனை உடல் பெண்மை ஓமோனாக மாற்றிவிட, குஞ்சுகள் ஆணாவதற்குப் பதிலாகப் பெண்ணானதும் ஆராய்ச்சிகளிற் கண்ட உண்மை.

மேற்சரிவிலிருந்து வரும் நீர்

மரக்கறிக் கமக்காரர் பலரின் தடாகம் பாத்திகளுக்குக் கீழேயே அமைந்துள்ளது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தெளித்த மருந்து அடுத்த மழையில் எங்கே சேரும் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? மீன் செத்து மிதந்தால் மருந்தின் வேலை என்று எவரும் அறிவர். சாகாத அளவிலும் சில இரசாயனங்கள் ஓமோனைப்போல் நடித்து, அல்லது ஓமோனின் வழியை மறித்து, மீனின் பருவத்தைக் குலைக்கக்கூடும். இங்கிலாந்தின் ஆறுகளில், நகரக் கழிவுநீர் கலக்குமிடங்களுக்குக் கீழே வாழ்ந்த உரோச்சு என்னும் மீனின் ஆண்களை 1990 களில் ஆராய்ந்தபோது, விதைக்குள் முட்டைகள் இருக்கக் கண்டனர். கழிவுநீரிற் கலந்திருந்த பெண்மை ஓமோன்களும், அவற்றைப்போல் நடிக்கும் சில இரசாயனங்களும் காரணமென அறிந்தனர். நம் ஓடைகளில் நகரக் கழிவு குறைவெனினும் தெளிமருந்து குறைவன்று. தெளிகருவியைத் தடாகத்திலோ ஓடையிலோ கழுவாதீர்கள். பாத்திக்கும் தடாகத்துக்கும் இடையே ஆறடி அகலத்துக்குப் புல் விட்டு, மழைநீரைப் பக்கக்கானிற் திருப்பிவிடுங்கள்.

பருவமடைய மறுக்கும் மீன்

திலாப்பியா பருவமடைய அவசரப்படுவதுபோல, இந்தியாவிலிருந்து வந்த கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய பெருங்கெண்டைகள் தடாகத்தில் இனம் பெருக்க மறுக்கின்றன. ஆணின் விதை நிறையும். பெண்ணின் சினையும் நிறையும். ஆயினும் பருவமழை வெள்ளத்தில் ஆறு பெருகினாலன்றி இறுதி ஏவல் கபச்சுரப்பியிலிருந்து புறப்படுவதில்லை. இவ்வினத்தின் மூளையில் தோபமீன் என்னும் இரசாயனம் தலைமடையை இறுக அடைத்துக்கொண்டிருப்பதே காரணமெனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. இதனால் முன்னாளிற் கெண்டைக் குஞ்சு வேண்டுவோர் ஆற்றில் வலைவீசியே பெறவேண்டியிருந்தது.

1957 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் நாள், ஒரிசா மாநிலத்து அங்குல் என்னுமிடத்தில், ஈராலால் சவுத்திரி என்னும் அறிஞர், வேறு மீனின் தலையிலிருந்து எடுத்த கபச்சுரப்பியை அரைத்து ஊசிமூலம் ஏற்றி, பெருங்கெண்டைகளைத் தடாகத்திலேயே முட்டையிடச் செய்தார். வெள்ளம் அனுப்பவேண்டிய ஏவலை அவர் ஊசியில் அனுப்பினார் எனலாம். அந்நாள் இந்தியாவில் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இம்முறையில் பெண்ணுக்கு இரு தடவை ஊசி தேவைப்படும். ஆணுக்குப் பெரும்பாலும் ஒரு தடவை, அதுவும் குறைந்த அளவில் போதும். ஆண் ஆயத்தமாயுள்ளதா என்பதை அதன் மார்புச் செட்டையின் மேற்புறத்தைத் தடவி அறிவர். பருவத்து ஆணின் செட்டை அரம்போற் சொரசொரப்பாக இருக்கும். பெண்ணினது வழவழப்பாக இருக்கும். இப்போது அரைத்த சுரப்பிக்குப் பதிலாக, மூளையின் தூதைப் போன்ற செயற்கைப் பொருளையும் தோபமீனைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்த ஊசிமருந்து பல நிலையங்களிற் பயன்படுகின்றது.

கமக்காரருக்கு இதனாற் பயன் யாது? பெருங்கெண்டையை உங்கள் தடாகத்தில் விட்டால் அது இனம் பெருக்காது, விட்ட எண்ணிக்கையே நிற்கும், தீனி சதையாகும். குஞ்சுக்கு மட்டும் நிலையத்தை நாடவேண்டும். வெல்லவாய, புத்தளைப் பக்கத்து வெப்பத்தில் இவை நன்கு வளரும். எல்லவுக்கு மேலே, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் வளர்ச்சி மந்தம். அங்கே குளிரைத் தாங்கும் சாதாரணக் கெண்டையே ஏற்றதென்பது என் கருத்து. அது நீர்ப்பூண்டுகளில் முட்டையிடக்கூடியதாகையால், ஓரத்துப் பூண்டுகளைக் களைந்துவிட வேண்டும். எல்லவிலேயே, சரிவின் கீழ்ப்புறத்தில் வெயில் படும் தடாகமாயின், ஆண் திலாப்பியாவை விட்டுப் பார்க்கலாம்.

குஞ்சு விடுமுன்

பழைய மீன் ஒரு சோடி எஞ்சினும் பட்ட பாடு வீணாகும். ஆகவே தடாகத்தை முற்றாக வடித்து, அடிச்சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, சுண்ணாம்பு தூவுங்கள். வடித்த நீரைப் பாத்திக்கு விடுங்கள். மீன் கழிவு சேர்ந்த நீர் கோவாவுக்கு நல்லுரம். பிடித்த சிறுமீன்களை ஓடையில் விடுதல் ஆகாது. எல்ல இடைவெளியினூடாகக் கீழிறங்கும் கிரிந்தி ஓயாவிலும் அதன் கிளைகளிலும் நம் நாட்டுக்கே உரிய சிறு மீன்கள் வாழ்கின்றன. அவற்றைக் கருவாடாக்குங்கள், அல்லது அவித்துக் கோழிக்கு இடுங்கள்.

நீரின் ஆழம் நான்கடிக்குக் குறையாதிருந்தால் இரவுக் குளிர் அடிவரை எட்டாது. சதுர மீற்றருக்கு இரண்டு குஞ்சுக்கு மேல் விடவேண்டாம். மேலே குறித்த அளவுள்ள தடாகத்துக்கு நூறு அல்லது நூற்றுப் பத்துக் குஞ்சுகள் அளவானவை. மார்கழி, தை மாதங்களிற் கீழ்நாட்டுக் குஞ்சைக் கொணர்ந்தால் குளிரில் மடியும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விடியற்காலையில் ஏற்றி வந்து, குஞ்சுப் பையைப் பிரிக்காமற் கால்மணி நேரம் தடாகத்தில் மிதக்கவிட்டு, பின்னர் தடாக நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்துத் திறவுங்கள்.

மூன்றாம் மாதம் முதல், மாதம் ஒன்றிரண்டு மீனைப் பிடித்து அறுத்துப் பாருங்கள். சினையுள்ள பெண் ஒன்றேனும் அகப்பட்டால், உடனே வலை இழுத்து, மை தடவும் முறையிற் பெண்களை நீக்கிவிடுங்கள். அகப்பட்டவை யாவும் ஆணாயின், அவற்றின் விதை வெளுத்துத் தடித்திருப்பது பற்றிக் கவலை வேண்டாம். பெண் இன்றி ஆண் பருவமடைவதாற் குஞ்சு பெருகாது. குழி தோண்டுவதிலும் சண்டையிடுவதிலும் சிறிது சக்தி கழியும், அவ்வளவே. நீர் பச்சைநிறமாக இருக்கும்படி சாணமோ கூட்டெருவோ அளவாக இட்டால் தீனிச் செலவும் குறையும்.

ஆண் திலாப்பியாக் குஞ்சுகளும் கெண்டைக் குஞ்சுகளும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் நிலையங்கள் மூலமும், அவற்றிடம் குஞ்சு பெற்று வளர்த்து விற்கும் பண்ணைகள் மூலமும் பெறப்படலாம். 1990 ஆம் ஆண்டு முதல் 1994 ஆம் ஆண்டு வரை நன்னீர் மீன்பிடிக்கு அரசின் உதவி நிறுத்தப்பட்டிருந்த காலத்தைப் போலன்றி, இன்று முன்பதிவு செய்தாற் குஞ்சு கிடைக்கும். குஞ்சு வாங்கும்போது அது ஓமோன் ஊட்டி ஆணாக்கிய குஞ்சா, ஊட்டி எத்தனை நாளாயிற்று என்று கேட்டறியுங்கள். எல்ல, பண்டாரவளைப் பகுதிக் கமக்காரர் உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம், தடாகத்தின் நீள அகலம், ஆழம், நீர் வரும் வழி ஆகியவற்றைக் குறித்து, தை மாதம் முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன கமக்காரர் தமது தடாகத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பும் இட்டு, நூறு ஆண் குஞ்சுக்குப் பெயர் பதிந்துவிட்டார்.